அட்லாண்டிக் அடிமை வணிகம்: கேள்வி பதில்

கே: ஓரிடத்தில் 1.25 கோடி என்கிறார்கள், இன்னோரிடத்தில் 1.07 கோடி. எது சரி?

ப: இரண்டும் சரி. ஆப்பிரிக்கக் கரையில் கப்பலேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 1.25 கோடி. உயிரோடு இறங்கியவர்கள் ஏறத்தாழ 1.07 கோடி. இடையில் விடுபடுபவர்கள் பெரும்பாலும் கடலில் இறந்தவர்கள். உள்நாட்டிலிருந்து கரைக்கு நடத்திவரும் வழியிலும் கரையோரக் கொட்டடிகளிலும் செத்தவர்கள் இரண்டு எண்ணிலும் கிடையாது.

இந்தக் கப்பல் பயணங்களைத் தொகுத்துவைத்திருக்கும் ஸ்லேவ் வாயேஜஸ் இணையதளத்தைப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே பயணப் பட்டியல் வேறு, மதிப்பீடு வேறு. பட்டியலில் உள்ளவை சான்று கிடைத்த சுமார் 36,000 பயணங்கள் மட்டுமே. சான்று அழிந்துபோன பயணங்களுக்கும் கணக்குப் போட்டுச் சேர்த்தது மதிப்பீடு. பட்டியலைக் கூட்டிவிட்டு "மொத்தமே இவ்வளவுதான்" என்று சொன்னால் எண்ணிக்கை குறைந்துதான் வரும். பட்டியலிலேயே கூடச் சில எண்கள் கப்பல் ஏட்டிலிருந்து எடுத்தவை, சில அதே காலத்து, அதே தடத்துக் கப்பல்களை வைத்து ஊகித்தவை. இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி (column) உண்டு. மேற்கோள் காட்டுமுன் எந்தப் பத்தி என்று பாருங்கள்.

கே: பெரும்பாலோர் போனது அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குத்தானே?

ப: இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து நேராக அங்கே இறக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 3.88 லட்சம். பிரேசிலில் 48 லட்சத்துக்கும் மேல். ஆனாலும் 1860இல் ஐக்கிய நாடுகளில் அடிமைப்பட்டிருந்தவர்கள் 40 லட்சத்தை நெருங்கினார்கள், ஏனென்றால் அங்கே பிறப்பு இறப்பை மிஞ்சியது. கரும்புத் தீவுகளில் நிலைமை தலைகீழ். வெட்டிய கரும்பைத் தாமதிக்காமல் பிழிய வேண்டும் என்பதால் அறுவடைக் காலத்தில் ஆலை இரவும் பகலும் ஓடும். ஆள் செத்தால் புது ஆள் வாங்குவதுதான் பண்ணைக் கணக்கு. ஜமைக்காவில் சுமார் 10 லட்சம் பேர் இறக்கப்பட்டார்கள். அதில் ஒரு பங்கு ஸ்பானியக் குடியேற்றங்களுக்கு மறுபடி விற்கப்பட்டது என்றாலும், 1834இல் விடுதலைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அங்கிருந்தவர்கள் 3 லட்சம் சொச்சம். மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

கே: என்னுடன் வேலை செய்யும் ஆப்பிரிக்க அமெரிக்கர் தன் முன்னோரைத் தேடுகிறார். எங்கே தொடங்கச் சொல்வது?

ப: இன்றிலிருந்து பின்னோக்கி. கப்பலிலிருந்து தொடங்கினால் ஒருபோதும் வீடு போய்ச் சேர முடியாது.

முதல் இலக்கு 1870 மக்கள்தொகைக் கணக்கு. விடுதலை பெற்றவர்கள் எல்லோரையும் பெயரோடு எழுதிய முதல் கணக்கு அதுதான். அதில் குடும்ப உறவுமுறை குறிக்கப்பட்டிருக்காது, 1880இல்தான் அந்தப் பத்தி வந்தது. ஒரே வீட்டில் இருப்பதை வைத்து மகன், மனைவி என்று முடிவு கட்ட வேண்டாம். அதற்கு முந்தைய 1850, 1860 அடிமை அட்டவணைகளில் உடைமையாளர் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும்தான் இருக்கும். வயதும் பெரும்பாலும் 20, 25, 30 என்று முழுமையாக்கியது.

இந்த இடைவெளியைத் தாண்ட உதவுவது விடுதலை பெற்றவர்களுக்கான சேமிப்பு வங்கியான ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் கணக்குப் பதிவுகள் (1865–1874). பழைய உடைமையாளர், பண்ணை, பெற்றோர், உடன்பிறந்தோர் பெயர்களைப் பல படிவங்களில் எழுதி வைத்தார்கள். அடுத்தது விடுதலை பெற்றவர்களுக்கு உதவ அமைந்த அரசு அலுவலகமான ஃப்ரீட்மன்ஸ் பீரோவின் கூலி ஒப்பந்தங்கள். உடைமையாளர் யாரென்று தெரிந்தபின் அந்தக் கவுண்ட்டி (மாவட்டம் போன்ற பிரிவு) நீதிமன்றத்தில் அவருடைய உயிலையும் சொத்துப் பட்டியலையும் தேடுங்கள். மாடு, கலப்பை வரிசையில் மனிதர்களும் பெயரோடும் விலையோடும் இருப்பார்கள். கவுண்ட்டி எல்லைகள் மாறியிருக்கலாம், பக்கத்துக் கவுண்ட்டியையும் பாருங்கள். குடும்பப் பெயர் கடைசி உடைமையாளரின் பெயராகத்தான் இருக்கும் என்று நம்புவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். முந்தைய உடைமையாளரின் பெயராகவோ, தாங்களே தேர்ந்ததாகவோ இருக்கலாம்.

கே: பிரேசிலில் அப்படித் தேட முடியாதாமே? 1890இல் நிதியமைச்சர் ரூய் பர்போசா அடிமை ஆவணங்கள் எல்லாவற்றையும் எரித்துவிட்டாராமே?

ப: அவர் எரிக்க ஆணையிட்டது நிதித்துறைக் காகிதங்களை. தேவாலய ஞானஸ்நான ஏடுகள், உயில்கள், விடுதலைப் பத்திரங்கள், காவல்துறைக் கோப்புகள் ஏராளமாக மிஞ்சியிருக்கின்றன. "எல்லாம் போச்சு" என்பது தேடாதவர்கள் சொல்வது.

கே: டிஎன்ஏ சோதனையில் "நைஜீரியா 34%" என்று வந்திருக்கிறது. அப்படியானால் முன்னோர் அங்குள்ள யொருபா இனத்தவரா?

ப: அப்படிச் சொல்ல முடியாது. நைஜீரியா என்ற எல்லை கப்பல்கள் நின்ற பிறகு வரைந்தது. சோதனை நிறுவனம் இன்று அங்கே வாழ்கிறவர்களின் மாதிரியோடு ஒப்பிட்டுச் சொல்கிறது, மாதிரி கூடினால் விழுக்காடும் மாறும். தாய்வழிச் சோதனை என்றால் பத்துத் தலைமுறைக்கு முந்தைய 1,024 முன்னோர் இடங்களில் ஒன்றைப் பற்றி மட்டும் பேசுகிறது.

கே: கப்பல் ஊயிதாவிலிருந்து (இன்றைய பெனின் நாட்டுத் துறைமுகம்) புறப்பட்டது என்று ஆவணம் சொல்கிறது. அப்போது அவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தானே?

ப: துறைமுகம் சொந்த ஊர் ஆகாது. ஊயிதாவில் ஏறியவர் பல நாள் நடை தூரத்திலிருந்து பிடித்துவரப்பட்டவராக இருக்கலாம். "மினா", "காங்கோ", "கொரமாந்தி" எல்லாம் வியாபாரிகள் ஒட்டிய சீட்டு. கொரமாந்தி என்பது கானா கடற்கரையின் கொர்மன்டின் கோட்டையிலிருந்து வந்த பெயர், அப்படியோர் இனக்குழு இருந்ததில்லை.

கே: மொத்தம் எத்தனை பேர் கொண்டுபோகப்பட்டார்கள்?

ப: முதல் பதில்.

கே: பிரேசிலில் பயியா மாநிலத்தின் கந்தொம்ப்ளே, கியூபாவின் சாந்தேரியா, ஹெய்ட்டியின் வோடு ஆகிய ஆப்பிரிக்க வழிச் சமயங்கள் மூன்றும் ஒன்றுதானா?

ப: முதல் இரண்டும் நெருங்கிய உறவு, மூன்றாவது சற்று வேறு. யார் எப்போது வந்தார்கள் என்பதில் இருக்கிறது காரணம். யொருபா மக்கள் பெருந்தொகையாகப் பிடிபட்டது 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அவர்களுடைய ஓயோ அரசு சரிந்த போர்களில். அப்போது கப்பல்கள் போய்க்கொண்டிருந்தவை பிரேசிலுக்கும் கியூபாவுக்கும். அதனால் சாங்கோ, யெமோஜா, ஓகுன் ஆகிய யொருபா தெய்வங்கள் இரு நாட்டிலும் இருக்கிறார்கள். 1835இல் பயியாவின் தலைநகர் சால்வடோரில் எழுந்த மாலே கிளர்ச்சியும் அந்த அலையில் வந்த யொருபா, ஹவுசா முஸ்லிம்களுடையது. ஹெய்ட்டியிலோ 1791இல் புரட்சி தொடங்கியதும் வணிகம் முறிந்துவிட்டது. அதற்கு முன் வந்தவர்களில் பெருவாரி காங்கோ பகுதியினர், ஃபோன், எவே மக்கள். வோடுவில் தூக்கலாகத் தெரிவது அவர்களுடைய மரபு.

கே: ஆப்பிரிக்கர்களே ஆப்பிரிக்கர்களை விற்றார்கள் என்பது உண்மைதானே?

ப: தஹோமி அரசு 1727இல் ஊயிதாவைப் பிடித்து வணிகத்தைத் தன் கையில் எடுத்தது உண்மை. அவர்கள் விற்றது எதிரி நாட்டாரை. "நாமெல்லாம் ஆப்பிரிக்கர்" என்ற உணர்வு அன்று இல்லை. காங்கோ மன்னர் முதலாம் அஃபோன்சோ தன் குடிகளைக் கடத்துகிறார்கள் என்று 1526இலேயே போர்ச்சுகல் மன்னருக்கு முறையிட்டு எழுதியதையும் சேர்த்துப் படியுங்கள்.

கே: இதில் தமிழ்நாட்டுத் தொடர்பு ஏதாவது உண்டா?

ப: துணி. சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகள் ஐரோப்பா வழியாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய் மனிதர்களுக்கு விலையாகக் கொடுக்கப்பட்டன. புதுச்சேரியின் அவுரி நீலத் துணிக்குச் செனகலில் பெரிய கிராக்கி. மாலத்தீவுச் சோழிகளும் அப்படித்தான் பெனின் விரிகுடாவில் பணமாக ஓடின. மார்ட்டினிக் (1853), குவாதலூப் (1854) தீவுகளுக்குப் போன தமிழ் ஒப்பந்தக் கூலிகள் அடிமை முறை ஒழிந்தபின் போனவர்கள். இரண்டையும் கலக்காதீர்கள், அது தனிப் பேச்சு.

கே: கரோலினாவின் நெல் விவசாயமே ஆப்பிரிக்கர்கள் கற்றுக்கொடுத்ததுதான் என்கிறார்களே?

ப: இதில்தான் உண்மையான சண்டை இருக்கிறது. ஆதரவுப் பக்கம்: தென் கரோலினாவுக்குக் குடியேறிய ஆங்கிலேயர்களுக்கு நெல் தெரியாது. மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரைசா கிளாபெரிமா என்ற தனி நெல்லினத்தையே வளர்த்தெடுத்திருந்தார்கள். குதிகாலால் குழி போட்டு, விதை இட்டு, கால்விரலால் மூடும் விதைப்பு இரு கரையிலும் உண்டு. உலக்கை, உரல், சுருட்டிப் பின்னிய முறம் அப்படியே. கரோலினாவின் ஆரம்பகால மதகு, குடைந்த மரத்தண்டில் அடைப்பு வைத்தது. கினி கடற்கரையின் சதுப்பு வயல்களிலும் அதே அமைப்பு.

கே: (அதே நபர்) அப்புறம் என்ன, முடிந்துவிட்டதே?

ப: முடியவில்லை. நெல் ஏற்றுமதி வேகமாக வளர்ந்த 1730களில் சார்ல்ஸ்டனில் இறக்கப்பட்டவர்களில் பெருவாரி அங்கோலா, காங்கோ பகுதியினர், நெல் விளையும் பகுதிகளிலிருந்து வந்த ‘நெல் நாட்டார்’ அல்ல. பண்ணையார்கள் கிடைத்த கப்பலில் வாங்கினார்கள் என்பது எதிர்த்தரப்பு. வணிக நெல்லும் பெரும்பாலும் ஆசிய இனம்.

கே: (மறுபடியும்) கற்றுக்கொடுக்கப் பத்துப் பேர் போதாதா? பெரும்பான்மை எதற்கு?

ப: நல்ல கேள்வி, ஆதரவுத் தரப்பின் வலுவான வாதமும் அதுதான். குத்துவதற்கும் புடைப்பதற்கும் அது பொருந்தும். ஆற்று ஓதத்தை (கடலேற்றத்தில் உயரும் நீரை) அணைகட்டி வயலுக்குள் விடும் பெரிய அமைப்பு 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பரவியது, அதில் பண்ணை முதலீடும் ஐரோப்பிய நீரியலும் கலந்திருக்கின்றன. அந்தப் பகுதியை முழுதாக ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுக்க நான் தயாரில்லை. விதை கடல் தாண்டியது என்பதில் மட்டும் ஐயமில்லை: சூரினாமின் மரூன்கள் (தப்பியோடிய அடிமைகளின் வழிவந்தவர்கள்) இன்றும் பயிரிடும் கிளாபெரிமா, மேற்கு ஐவரி கோஸ்ட் நெல்லோடு மரபணுவில் நெருங்கியது.

கே: அடிமைகள் நெருக்கி அடுக்கப்பட்டிருப்பதைக் காட்டும் புரூக்ஸ் கப்பல் படம் மிகைப்படுத்தியதா?

ப: இல்லை. 1788 பிரிட்டிஷ் சட்டப்படி அதற்கு 454 பேர் அனுமதி. அதற்கு முன் அது 609 பேரை ஏற்றியிருந்தது.

கே: அமெரிக்காவுக்கு மொத்தம் எத்தனை...

ப: இரண்டாம் பதில். படித்துவிட்டுக் கேளுங்கள்.

கே: நெல் விவாதத்தை நாமே எண்களை வைத்துச் சரிபார்க்க முடியுமா?

ப: முடியும். ஸ்லேவ் வாயேஜஸ் தளத்தின் மதிப்பீட்டுப் பகுதியில் 1701–1775 என்று காலத்தைக் குறுக்குங்கள். இறங்கிய இடத்துக்குக் கரோலினா, ஜார்ஜியா. ஒரு பக்கம் ஏறிய பகுதிகள், மறுபக்கம் ஐந்தாண்டுத் துண்டுகள். நெல் விளைந்த செனகாம்பியா, சியரா லியோன், காற்றெதிர்க் கரை (Windward Coast) மூன்றையும் கூட்டி, மேற்கு மத்திய ஆப்பிரிக்காவோடு ஒப்பிடுங்கள். 25 ஆண்டுத் துண்டு வேண்டாம். தென் கரோலினாவில் அடிமைகள் எழுந்த 1739 ஸ்டோனோ கிளர்ச்சிக்குப் பின் போட்ட கடும் இறக்குமதி வரியால் 1740களில் விழுந்த பள்ளம் அதில் மறைந்துபோகும். நெல் நாட்டாரின் பங்கு அந்தப் பள்ளத்துக்குப் பிறகுதான் ஏறத் தொடங்குகிறது.