மருத்துவர் கடிதம் இல்லாமல் ஆலோசகரிடம் போகலாமா?

அன்புள்ள தம்பிக்கு,

கோலாலம்பூருக்கு வந்து நான்கு மாதங்களாகியும் இரவில் சரியான உறக்கமில்லை என்றும், மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் நேரடியாக மனநல ஆலோசகரிடம் போக முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். தனியார் ஆலோசகருக்குத் தொலைபேசியில் சொல்லி நேரம் வாங்கிக்கொண்டால் போதும். கடிதம் கேட்பது வழக்கமாக அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில்தான். பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியின் வீட்டு வாடகையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதற்கு உங்கள் அலுவலகத்திலேயே பத்துப் பேர் பதில் சொல்வார்கள். உறக்கத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

நான் 2007இல் இங்கு வந்தபோது கடிதம் கட்டாயம் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு, நிறுவனம் ஏற்பாடு செய்திருந்த கிளினிக்கிற்குப் போனேன். மருத்துவர் நல்ல மனிதர். ஐந்து நிமிடத்தில் கடிதம் எழுதித் தந்தார். ஆனால் கட்டணம் நிறுவனத்தின் கணக்கில் போனதால், என்ன காரணத்துக்காக வந்தேன் என்பதும் அந்த ரசீதோடு சேர்ந்து போய்விட்டது. இரண்டு வாரம் கழித்து, அலுவலகத்தில் காபி கலக்கும் இடத்தில், என் மேலாளர் கரண்டியைச் சுழற்றியபடியே, "இப்போது உறக்கம் வருகிறதா?" என்று கேட்டார். அவர் அன்பாகவே கேட்டிருக்கலாம். விசாவும் ஒப்பந்தப் புதுப்பிப்பும் அவர் கையில் இருந்த காலத்தில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆகையால் நான் சொல்வது இதுதான்: முதல் சில சந்திப்புகளுக்காவது சொந்தப் பணத்தைக் கொடுத்துப் போங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 150 வெள்ளியிலிருந்து 300 வெள்ளி வரை ஆகலாம்; சிறிய தொகையன்று, தெரியும். (ரிங்கிட்டை இங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள், நீங்களும் பழகிக்கொள்ளுங்கள்.) பல்கலைக்கழகங்கள் நடத்தும் பயிற்சி மையங்களில் இதைவிடக் குறைவாக இருக்கும்.

கடிதம் கேட்காத இடமென்றால் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம் என்ற ஆபத்தும் உண்டு. இந்நாட்டில் 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி, ஆலோசகர் வாரியத்தில் பதிவு செய்தவர் மட்டுமே தம்மை ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ளலாம். பெயருக்குப் பின்னால் கே.பி., பி.ஏ. என்ற எழுத்துகள் இருக்கும். கே.பி. என்றால் பதிவு பெற்ற ஆலோசகர். அந்த பி.ஏ. நம்மூர்ப் பட்டமன்று, மலாயில் பெராக்குவான் அமாலான், அதாவது தொழில் நடத்துவதற்கான சான்றிதழ். பதிவெண்ணைக் கேட்டு வாங்கி, வாரியத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள்; கேட்டதற்கு முகம் சுளிப்பவரிடம் போக வேண்டாம். மருத்துவ உளவியலாளர்கள் 2016ஆம் ஆண்டின் வேறொரு சட்டத்தின் கீழ் வருவதால், அவர்களின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லையென்று பயப்படாதீர்கள். இவ்விரு சாராருமே மாத்திரை எழுதித் தர இயலாது. அது தேவைப்பட்டால் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்வார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருமானால் சந்திப்பு நாளுக்காகக் காத்திருக்காமல் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழையுங்கள். தற்கொலைக்கு முயல்வது இந்நாட்டில் 2023 வரை குற்றமாக இருந்தது. அந்தச் சட்டப்பிரிவு இப்போது இல்லை. என் காலத்தில் அதை நினைத்தே பலர் வாயைத் திறக்கவில்லை.

நம்மவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஊரிலிருந்து வருகிறவர்கள் ஒரே அடுக்குமாடியில் தங்கி, ஒரே வாட்ஸ்அப் குழுவில் புழங்கி, யாருக்கேனும் மனம் சோர்ந்தால் பத்துமலைக்குப் போய்வரச் சொல்வார்கள். நானும் அந்த 272 படிகளை மூன்று முறை ஏறினேன். முருகன் மீது குறையில்லை, முழங்கால்தான் வலித்தது. அந்தக் குழுவில் இருக்கும் யாரிடமும் ஆலோசகரின் பெயரைக் கேட்காதீர்கள். மறுநாளே உங்கள் மாமியார் வீட்டுக்குச் செய்தி போய்விடும். மலேசியத் தமிழர்களை அவர்களின் பேச்சை வைத்து எள்ளி நகையாடுவதும் இந்தக் கூட்டத்தின் வழக்கம். எனக்கு வழி காட்டியவரோ, அலுவலகத்தில் என் பக்கத்து மேசையில் இருந்த ஒரு மலேசியத் தமிழர், ஈப்போக்காரர்.

நேரம் வாங்கும்போதே எந்த மொழியில் பேசலாம் என்று கேட்டுவிடுங்கள். முதலில் நான் பார்த்த ஒருவரிடம் ஆங்கிலத்தில் பேசி, அலுவலக அறிக்கை வாசிப்பதுபோல் என் துக்கத்தை வாசித்துவிட்டுத் திரும்பினேன். ஈப்போக்காரர் சொன்ன அம்மையார் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே மாடியில் இருந்தார். சனிக்கிழமை காலையில் நான் போய் உட்கார்ந்ததும், "பசியாறிட்டீங்களா?" என்றார். இங்கே அதற்குக் காலை உணவு சாப்பிட்டாயிற்றா என்று பொருள். எனக்கு அது அப்போது தெரியாது. என் முகத்தில் பசி தெரிகிறதாக்கும் என்று கூசிக்கொண்டே, "இல்லை" என்றேன். மேசை இழுப்பறையைத் திறந்து கிரீம் கிராக்கர் டப்பாவை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தார். முதல் சந்திப்பின் கால்வாசி நேரம் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்ததிலேயே போயிற்று. அதற்கும் சேர்த்துத்தான் 100 வெள்ளி வாங்கினார். அன்றிரவும் உறக்கம் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை கால் மணி நேரம் முன்னதாகவே போய்ப் பூக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.