மாலையில் மட்டும் அம்மா

கேள்வி: பழைய இங்கிலாந்துப் பிரபுக் குடும்பம் பற்றிய தொடர் ஒன்று பார்க்கிறேன். பிள்ளைகள் எந்நேரமும் ஆயாவிடமே இருக்கிறார்கள். பெற்றவளுக்குப் பாசமே இருக்காதா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: பாசம் இல்லாமல் என்ன? வழக்கம் அப்படி. விக்டோரியா ராணி காலத்துச் சீமான் வீடுகளில் பிள்ளைகளுக்கென்று தனி ராஜ்யமே உண்டு, பெரும்பாலும் மேல்மாடியில். பெயர் ‘நர்சரி’. அதை ஆள்பவர் ‘நானி’. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, அதட்டுவது, ஜெபம் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அவர்தான். மாலைத் தேநீர் முடிந்ததும் தலைவாரி, நல்ல உடுப்பு மாட்டிக் கீழே அனுப்புவார். ஒரு மணி நேரம் அப்பா அம்மா தரிசனம், அப்புறம் மறுபடி மாடிக்கு. அந்த அம்மாக்களும் அப்படியே வளர்ந்தவர்கள்தானே, அவர்களுக்கு இது வினோதமாகப் பட்டிருக்காது.

1874இல் பிறந்த வின்ஸ்டன் சர்ச்சிலைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தவர் எலிசபெத் எவரெஸ்ட். கல்யாணமே ஆகாதவர், ஆனாலும் மரியாதைக்கு ‘மிஸஸ்’ எவரெஸ்ட். பிள்ளைக்கு அவர் ‘வூம்’. அம்மா தனக்கு மாலை நட்சத்திரம் மாதிரி, தூரத்திலிருந்தே நேசித்தேன் என்று பின்னாளில் எழுதினார் சர்ச்சில். மனக்குறைகளைக் கொட்டியதெல்லாம் வூமிடம்தான்.

உண்மையில் எனக்கு உறுத்துவது தாய் அல்ல, அந்த ஆயாவின் நிலைமை. பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் வேலை போச்சு. 1893இல் எவரெஸ்டையும் நிறுத்திவிட்டார்கள். இப்படியா அனுப்புவது என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதி மன்றாடினார் சர்ச்சில்; பலிக்கவில்லை. (நம் பக்கத்து ஆயாக்கள் கதை இன்னும் மோசம். மெட்ராஸிலும் மற்ற ஊர்களிலும் இருந்து வெள்ளைக்காரக் குடும்பங்களோடு, கப்பலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போய், லண்டனில் கைவிடப்பட்டவர்கள் உண்டு. அவர்கள் தங்குவதற்கென்றே ஹாக்னியில் ஒரு விடுதி இருந்தது.)

1895இல் எவரெஸ்ட் சாகக் கிடந்தார். 20 வயது ராணுவ அதிகாரியான சர்ச்சில் தகவல் கேட்டு ஓடிவந்தார். வழியில் மழை, கோட்டு ஈரம். படுக்கையில் கிடந்தபடியே அதைத் தொட்டுப் பார்த்தவர், பிள்ளைக்குச் சளி பிடித்துவிடுமே என்று பதறிப்போனார். கோட்டைக் கழற்றி நன்றாகக் காயவைத்த பிறகுதான் அவர் மனம் அடங்கியது.

அவர் கல்லறைக்குக் கல் நட்டதும் சர்ச்சில்தான்.