ஊருக்குத் தெரியாமல் ஒரு கூட்டத்துக்குப் போக முடியுமா?

கேள்வி: என் கணவர் கோத்தகிரிக்கு அருகில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். குடிப்பழக்கத்துக்காக மறுவாழ்வு மையம் ஒன்றில் ஒரு மாதம் தங்கிச் சிகிச்சை பெற்றுத் திரும்பியவர், சில வாரங்கள் நன்றாகவே இருந்தார். பனி விழத் தொடங்கியதும் ‘குளிருக்குக் கொஞ்சம்’ என்று ஆரம்பித்தது, இப்போது காலையில் கை நடுங்குவதால் குடிக்கிறேன் என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது. ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குத் தவறாமல் போகும்படி மையத்தில் சொல்லி அனுப்பினார்கள். அதை எங்கே, எப்படித் தேடுவது? எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊர் என்பதால் அவர் கூச்சப்படுகிறார். தேவாலயக் கட்டடங்களில் நடக்குமாமே, மதம் மாற்றுவார்களோ என்றும் கேட்கிறார்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோத்தகிரி

பதில்: சகோதரி, கூட்டத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன், அந்தக் கை நடுக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தினமும் குடித்துப் பழகிய உடல், குடி திடீரென்று நின்றால் சில மணி நேரத்திலேயே நடுங்கத் தொடங்கும். ஓரிரு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம், அதன் பிறகு மனக்குழப்பமும் இல்லாதது கண்ணில் தெரிவதும் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே ‘நாளை முதல் ஒரு சொட்டும் கூடாது’ என்று வீட்டில் வைத்துக் கட்டாயப்படுத்தாதீர்கள். உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, மனநல மருத்துவரின் கண்காணிப்பில் நிறுத்தச் செய்யுங்கள். அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கச் சொல்லி யாராவது மாத்திரை தந்தால் வாங்கவே வாங்காதீர்கள். அப்படிப்பட்ட மருந்து உடலில் இருக்கும்போது குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகக்கூடும்.

குளிருக்குக் குடிப்பது என்பது நம் மலையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் சமாதானம். மது தோலின் இரத்தக் குழாய்களை விரிப்பதால் கதகதப்பாகத் தோன்றுகிறதே தவிர, உடலின் உள்வெப்பம் அதே வழியாக வெளியேறி உடல் மேலும் குளிர்ந்து போகிறது. இதை அவரிடம் சண்டையில்லாத ஒரு நேரத்தில் சொல்லுங்கள்.

இனி, நீங்கள் கேட்ட கூட்டம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரான் நகரில், குடியால் சீரழிந்த ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவை மருத்துவரும் ஒருவரிடம் ஒருவர் மனம்விட்டுப் பேசியதிலிருந்து பிறந்தது. இன்றும் அங்கே நடப்பது அதுதான்: குடித்தவர், குடியை விட்டவர், விட முயல்பவர் ஆகியோர் வட்டமாக அமர்ந்து தம் கதையைச் சொல்வார்கள், மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்பார்கள். குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்குத் தகுதி. கட்டணமோ, முகவரி கேட்கும் பதிவேடோ கிடையாது. முதற்பெயரைச் சொன்னால் போதும். தேவாலயக் கூடமோ பள்ளி அறையோ குறைந்த வாடகைக்குக் கிடைப்பதால்தான் அங்கே கூடுகிறார்கள். உறுப்பினர்கள் தாமே போடும் காசிலிருந்து அந்த வாடகையைக் கொடுக்கிறார்கள். குடியிலிருந்து மீள அவர்கள் பின்பற்றும் 12 படிகளில் இறைவனைப் பற்றிய பேச்சு உண்டு என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அது ‘அவரவர் புரிந்துகொண்டபடியான’ இறைவன். எந்த மதத்தோடும் அந்த அமைப்புக்குத் தொடர்பில்லை.

தேடும் வழி எளிது. சிகிச்சை பெற்ற மையத்தையே முதலில் தொலைபேசியில் அழையுங்கள். பல மையங்களுக்கு ஏ.ஏ. உறுப்பினர்கள் வந்து பேசுவதுண்டு என்பதால் அவர்களிடம் தொடர்பு எண் இருக்க வாய்ப்புண்டு. 14446 என்ற மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண்ணிலும், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம். உறுப்பினர் ஒருவர் கிடைத்துவிட்டால், கூட்டம் இப்போதும் நடக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள்; சிற்றூர்களில் இரண்டு பேர் இடம் மாறிப் போனால் ஒரு குழுவே நின்றுவிடும். தமிழில் நடக்கிறதா, குடிநோயாளிகளுக்கு மட்டுமான கூட்டமா, குடும்பத்தாரும் வரலாமா என்பதையும் கேளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, முதல் நாள் அவரைப் பேருந்து நிலையத்தில் சந்தித்து உடன் அழைத்துச் செல்ல ஒருவர் வருவாரா என்று கேளுங்கள். புதியவருக்குத் துணை நிற்பதைத் தங்கள் சொந்த மீட்சியின் ஒரு பகுதியாகவே அவர்கள் கருதுவதால், கேட்பதற்குத் தயங்க வேண்டாம். அந்தத் தொலைபேசி உரையாடலை உங்கள் கணவரே பேசினால் இன்னும் நல்லது.

ஊர்க்காரர் கண்ணில் படுவோமோ என்ற அச்சம் நியாயமானது. அதைக் கேலி செய்யாதீர்கள். கோத்தகிரியில் வேண்டாம் என்றால் குன்னூர், மேட்டுப்பாளையம், கோவை என்று கேட்டுப் பாருங்கள். மலையிறங்க முடியாத நாட்களில் கைப்பேசி வழியே நடக்கும் தமிழ்க் கூட்டங்களில் முகம் காட்டாமலே கேட்டுக்கொண்டிருக்கலாம். ஆனாலும் தொடக்கத்தில் சில முறையாவது நேரில் போவதே நல்லது என்பேன். பத்து ஆண்டுகளாகக் குடிக்காத ஒருவர் எதிரில் உட்கார்ந்து ‘இன்று மட்டும் குடிக்கவில்லை’ என்று சொல்வதைக் கேட்கும்போது வரும் நம்பிக்கை, திரையில் அவ்வளவாக வருவதில்லை.

உங்களுக்கும் ஒரு கூட்டம் உண்டு, சகோதரி. குடிப்பவரின் மனைவி, தாய், பிள்ளைகளுக்கான அல்-அனான் அமைப்பு 1951 முதல் இயங்கி வருகிறது. அவர் வர மறுத்தாலும் நீங்கள் அதைத் தேடிப் போகலாம். மாலைக் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது மலைக்குக் கடைசிப் பேருந்து போயிருக்கக் கூடும். திரும்பும் வண்டியின் நேரத்தை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.