விகுதியில் கேட்கும் குரல்

கடிதம்

வணக்கம் ஐயா,

எனக்கு 29 வயது. 22 வயதில் மனச்சிதைவு நோய் என்று சொன்னார்கள். இப்போது இரவில் ஒலன்சபின் 10 மில்லிகிராம் சாப்பிடுகிறேன். நோய் வந்த புதிதில் ஒரே வாரத்தில் மூன்று நோட்டுப் புத்தகங்கள் எழுதித் தள்ளினேன். மருந்து தொடங்கிய பிறகு பல வருடம் ஒரு வரிகூட வரவில்லை. இந்த ஆண்டுதான் ஐந்து கவிதைகள். அவற்றையும் பழைய நோட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்தும் இணைத்திருக்கிறேன்.

குரல்கள் முழுதாகப் போய்விடவில்லை. மின்விசிறியை வேகமாக வைத்தால் கூடுதலாக ஆட்கள் பேசுவார்கள், அவ்வளவுதான், பழகிவிட்டது. ஆனால் இதையெல்லாம் கவிதையில் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. மாத்திரையைக் கொஞ்சம் குறைத்தால் பழைய வேகம் வருமா என்று தோன்றுகிறது. என் பெயரிலேயே வெளியிடலாமா என்றும் தெரியவில்லை. அக்கா வேண்டாம் என்கிறாள். பதில் எழுதினால் உதவியாக இருக்கும். பெயரைத் தவிர்த்துவிடுங்கள்.

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

இணைப்பில் ஐந்து கவிதைகள் இருக்கின்றன. நல்ல கவிதை அவற்றில் இல்லை, கடிதத்தில் இருக்கிறது. உங்கள் முதல் கவிதை இப்படித் தொடங்குகிறது:

என் மனம் உடைந்த கண்ணாடி
ஆயிரம் குரல்கள் என்னைக் கிழிக்கின்றன
இருளின் கடலில் தொலைந்தேன்

இந்த மூன்று வரிகளைக் காதல் தோல்வியில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவரும் எழுதலாம். மின்விசிறியைப் பற்றிப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதை உங்களைத் தவிர யாராலும் எழுத முடியாது. அதை எடுத்து வரி பிரித்துப் பார்த்தேன். எண்களும் கடைசி இரண்டு வரிகளும் நான் சேர்த்தவை. உங்களுக்கு நடப்பது வேறு மாதிரி என்றால் மாற்றிக்கொள்ளுங்கள்.

மின்விசிறி மூன்றில் ஓடும்போது இரண்டு பேர்.
ஐந்தில் வைத்தால் நான்கு பேர்.
எழுந்து நிறுத்தினேன்.
"நிறுத்திட்டான்" என்றாள் ஒருத்தி.

இதில் உவமை ஒன்றுகூட இல்லை. நோயின் அனுபவத்தைச் சுமப்பது ஒரே ஒரு விகுதி. 'நிறுத்தினேன்' என்று நீங்கள் முடித்த வினையை அடுத்த வரியில் வேறொருவர் 'ஆன்' போட்டு முடிக்கிறார். நாம் செய்வதை உடனுக்குடன் படர்க்கையில் வருணிக்கும் குரல் இந்த நோயில் அடிக்கடி வருவது. ஜெர்மானிய மருத்துவர் கர்ட் ஷ்னைடர் 1939இல் முதன்மை அறிகுறிகள் என்று வகுத்தவற்றில் அதுவும் ஒன்று. வேறு நோய்களிலும் அது வரும் என்று இன்று தெரியும். கவிதை எழுதுகிறவருக்கு முக்கியம் வேறொன்று. தமிழ் வினைமுற்று, செய்தவர் யார் என்பதைத் தன் வாலிலேயே வைத்திருக்கிறது. எழுந்தேன், எழுந்தாய், எழுந்தான். பெயரே சொல்லாமல், விளக்கமே தராமல், ஓர் எழுத்தை மாற்றி வாசகரைத் திடுக்கிட வைக்கலாம். குரல் உங்களை 'நீ' என்கிறதா, 'டா' போடுகிறதா, 'அவன்' என்கிறதா என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கக் காது, எவ்வளவு தூரம், ஆணா பெண்ணா, எந்த ஊர்ப் பேச்சு என்பதையும் எழுதுங்கள். மதுரைப் பேச்சில் வரும் குரலை எழுத்துத் தமிழில் எழுதினால் அது வேறு ஆளாகிவிடும்.

உங்கள் இரண்டாவது கவிதையில் 'என் எண்ணங்கள் என்னுடையவை அல்ல' என்ற வரி இருக்கிறது. இது அறிவிப்பு. நிகழ்வாக மாற்ற 'எனக்கு' என்ற சொல்லைக் கவனியுங்கள். நாம் 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்குத் தோன்றுகிறது' என்கிறோம். உணர்வு வந்து சேரும் இடமாக மட்டுமே ஆள் இருக்கிறார். அந்த 'எனக்கு' போய்விட்டால் என்ன மிஞ்சும்? 'பால் வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பால் கெட்டது என்று தோன்றியது. பாலில் ஏதோ இருக்கிறது என்று.' முதல் வாக்கியத்தில் ஆள் இருக்கிறார், இரண்டாவதில் ஆள் இல்லை, மூன்றாவதில் தோன்றுவதுகூட இல்லை. வேறொருவர் எண்ணத்தை உள்ளே வைத்ததுபோல் இருந்தால் 'வைக்கப்பட்டது' என்றே எழுதுங்கள். 'படு' வரும் வாக்கியத்தை எந்தக் கவிதையிலும் வெட்டச் சொல்வேன். இங்கே அந்த உயிரற்ற விறைப்புதான் தேவை.

குரலைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். எழுதப்படாமல் கிடப்பது மறுபக்கம்: எதையும் தொடங்க முடியாமை, முகத்தில் ஒன்றும் தெரியாமை, பேச்சு வற்றிப்போதல். மருத்துவர்கள் எதிர்மறை அறிகுறிகள் என்பார்கள், வீட்டில் சோம்பேறி என்பார்கள். குரல்கள் மருந்துக்கு அடங்கிய பிறகும் பலருக்கு ஆண்டுக்கணக்கில் நிற்பது இதுதான். இதற்கும் தமிழ் இலக்கணத்தில் ஒரு கருவி இருக்கிறது: வினையெச்சம்.

எழுந்து
பேஸ்ட்டைப் பிதுக்கி
குழாயைத் திறந்து
பிரஷ்ஷைப் பிடித்து

வினையெச்சம் வினைமுற்றைத் தேடி நிற்கும். 'துலக்கினேன்' வராமல் கவிதை நின்றுவிட்டால், வாசகரும் கையில் பிரஷ்ஷோடு நிற்பார். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். 'சோர்வு', 'வெறுமை' என்ற சொற்கள் இந்த வேலையைச் செய்யாது. உங்கள் நான்காவது கவிதையை, அந்தக் குளியலறைக் கவிதையை, இப்படித் திருப்பி எழுதிப் பாருங்கள். ஐந்தில் உயிர் உள்ள பொருள் அதில்தான் இருக்கிறது.

எழுதும் முறைக்கு வருகிறேன். இரண்டு நோட்டுகள் வையுங்கள். ஒன்று நாட்குறிப்பு: தேதி, தூங்கிய மணி நேரம், மாத்திரை போட்டாயிற்றா, அன்று குரல் சொன்னது ஒரே ஒரு வாக்கியம் மேற்கோள் குறிக்குள். அவ்வளவு போதும். இன்னொன்று கவிதைக்கு. முதல் நோட்டில் உள்ள ஒரு வாக்கியத்தை 14 நாட்கள் கழித்துத்தான் இரண்டாவதற்கு எடுத்துச்செல்ல வேண்டும். நடந்துகொண்டிருக்கும்போது அது செய்தி. ஆறிய பிறகுதான் எந்தச் சொல் எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் இடைவெளி கிடைக்கும். ஒரு நாளில் 20 நிமிடம், அலாரம் வைத்து. ஒலன்சபின் இரவில் போடுகிறவர்கள் பலருக்குக் காலையில் தலை கனக்கும். அது தெளிந்த பிறகு, பகலில் எழுதுங்கள். இரவு 8க்குப் பிறகு வேண்டாம். நள்ளிரவில் எழுதுவது குரலோடு உரையாடலாக மாறிவிடும், தூக்கமும் போகும்.

மேற்கோள் குறியை விடாதீர்கள். குரல் சொன்னது குறிக்குள், நீங்கள் நினைத்தது வெளியே. அந்த எல்லை கலங்கத் தொடங்கினால் அன்றைக்கு நோட்டை மூடிவிடுங்கள். எழுதியதை வாய்விட்டுப் படிப்பதில் இரண்டு விதமும் உண்டு. சத்தமாகப் படிக்கும்போது பலருக்குக் குரல்கள் தணியும். சிலருக்கோ ஒவ்வொரு வரியையும் குரல் திருப்பிச் சொல்லும். உங்களுக்கு எது என்று ஒரு பகல் நேரத்தில், அக்கா பக்கத்தில் இருக்கும்போது, சோதித்துப் பாருங்கள்.

தாளின் அளவும் முக்கியம். வியன்னாவுக்கு அருகே குக்கிங் என்ற ஊரின் மனநல மருத்துவமனையில் எர்ன்ஸ்ட் ஹெர்பெக் என்றொருவர் 1946 முதல் பல பத்தாண்டுகள் இருந்தார். மனச்சிதைவு நோயாளி, பிளவுபட்ட அண்ணத்தோடு பிறந்தவர், அதிகம் பேசாதவர். 1960இல் அவருடைய மருத்துவர் லியோ நவ்ராட்டில் அஞ்சலட்டை அளவுள்ள ஒரு தாளைக் கொடுத்து, 'காலை' என்ற தலைப்பில் கவிதை எழுதச் சொன்னார். ஹெர்பெக் எழுதிய கவிதை 'இலையுதிர்காலத்தில்' என்று தொடங்கியது. பிறகு 1991இல் இறக்கும் வரை ஆயிரத்துக்கும் மேல் எழுதினார், பெரும்பாலும் யாராவது தலைப்புக் கொடுத்துக் கேட்டால்தான். எதையும் தொடங்க முடியாதவருக்கு இந்த ஏற்பாடு ஏன் பொருந்துகிறது என்று யோசித்துப் பாருங்கள். தொடங்கும் வேலையை இன்னொருவர் செய்துவிடுகிறார். முடியும் இடத்தைத் தாளின் ஓரம் சொல்லிவிடுகிறது. அக்காவிடம் வாரத்துக்கு இரண்டு அட்டைகளில் தலைப்பு எழுதித் தரச் சொல்லுங்கள். 'தனிமை', 'வலி' வேண்டாம். 'மாத்திரை அட்டை', 'மாடிப்படி', 'தலையணை உறை' போன்றவை. தலைப்பை விட்டு விலகிப்போனால் அவர் திருத்தக் கூடாது. எழுத்துப்பிழையைக்கூட.

பழைய நோட்டின் பக்கத்தைப் பற்றி. 'கரம் மரம் வரம் ஜுரம்' என்று ஏழு வரிகள் ஓடுகின்றன. எதுகை அங்கே உங்களை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது, நீங்கள் எதுகையைப் பயன்படுத்தவில்லை. நோய் தீவிரமாகும்போது சொற்கள் பொருளை விட்டுவிட்டு ஒலியைப் பிடித்துக்கொண்டு தாவும். எதுகையும் மோனையும் ஊறிய மொழியில் அதைக் கவிதை என்று நம்பிவிடுவது மிக எளிது. படிக்கிறவர்களும் 'பித்தின் மொழி' என்று பாராட்டுவார்கள். சுந்தரர் இறைவனைப் 'பித்தா' என்று அழைத்த மரபு நமக்கு இருக்கிறது. ஆனால் அந்தப் பித்து வேறு, மூன்று இரவு தூங்காமல் ஜன்னலை அட்டையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வேறு. இந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

ஆனால் அதே பக்கத்தின் கீழே 'செவிமுள் எட்டு மணிக்கு வந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். இது ஒலிக்காக வந்த சொல் இல்லை. குரல் தொடங்குவதற்கு முன் காதில் ஏற்படும் ஏதோ ஒன்றுக்கு வேறு பெயர் இல்லாததால் நீங்கள் வைத்த பெயர் என்று நினைக்கிறேன். அதைக் காப்பாற்றுங்கள். ஒரு கவிதைக்கு ஒரு புதுச்சொல் போதும். அது எப்போது வருகிறது, என்ன செய்கிறது என்பது அருகிலேயே தெரிய வேண்டும். விளக்கக் குறிப்புப் போட வேண்டாம். மற்ற நோட்டுகளைக் கிழிக்காமல் அக்காவிடம் கொடுத்து வையுங்கள்.

மாத்திரை. உங்கள் கேள்விகளில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது இதுதான். நீங்களாகக் குறைக்காதீர்கள். முதல் முறை நோய் வந்து தேறியவர்களை 5 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் ஏறத்தாழ 5 மடங்காக இருந்தது. எழுத்து வராததற்குக் காரணம் ஒன்றல்ல, ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. பகலெல்லாம் தூக்கமாக இருந்தால் மாத்திரையை இரவில் இன்னும் சீக்கிரமாகப் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். 20 நிமிடம் உட்கார முடியாமல் கால்கள் எழுந்து நடக்கச் சொன்னால் அது ஆர்வக்குறைவு இல்லை, சில மருந்துகளின் பக்கவிளைவு. கையெழுத்து வரி முடிவதற்குள் சிறுத்துக்கொண்டே போனாலும் அப்படித்தான். தேதி போட்ட நோட்டையே எடுத்துச் சென்று காட்டுங்கள். 'எழுத வரவில்லை' என்று வாயால் சொல்வதைவிட மார்ச் மாதக் கையெழுத்தையும் ஜூன் மாதக் கையெழுத்தையும் பக்கத்தில் வைப்பது மருத்துவருக்கு உதவும். இவை எதுவும் இல்லாமல் மனம் மட்டும் அசையவில்லை என்றால் அது நோயின் மறுபக்கம். அதற்கு மாத்திரையைக் குறைப்பது தீர்வாகாது.

அந்த மூன்று நோட்டுகளின் வேகத்துக்கு நீங்கள் ஏங்குவது எனக்குப் புரிகிறது. அந்த வேகத்தில் எழுதியதில் உங்களுக்கே இன்று பிடித்திருப்பது எத்தனை வரிகள் என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டு இரவுகள் தொடர்ந்து 4 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கினால், பக்கங்கள் திடீரென்று பெருகினால், விளம்பரப் பலகையிலும் செய்தித்தாளிலும் உங்களுக்கென்று செய்தி இருப்பதாகத் தெரிந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். குரல் ஏதாவது செய்யச் சொல்லிக் கட்டளையிட்டால், அது கவிதைக்கான பொருள் அல்ல. உடனே அக்காவிடமும் மருத்துவரிடமும் சொல்ல வேண்டியது. இரவு நேரமானால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம்.

பெயர் விஷயத்தில் நான் அக்கா பக்கம், இப்போதைக்கு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரங்களை இரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் நீங்களே வெளியிட்டதை எந்தச் சட்டமும் திரும்ப வாங்கித் தராது. வேலைக்கான நேர்காணலுக்கு முன் உங்கள் பெயரைத் தேடுகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது இந்தக் கவிதையாக இருக்கலாம். ஹெர்பெக்கின் கவிதைகளும் முதலில் அலெக்சாண்டர் என்ற புனைபெயரில்தான் வந்தன. காதலைப் பாடும் அகத்திணையில் 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்', அதாவது யாரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதித்தது. பெயர் இல்லாததால் அகப்பாடல்களுக்கு எந்தக் குறையும் வரவில்லை. ஒரு புனைபெயர் வையுங்கள். பிறகு எப்போது வேண்டுமானாலும் சொந்தப் பெயருக்கு மாறலாம், இங்கிருந்து அங்கே போகலாம், அங்கிருந்து இங்கே வர முடியாது. வலையில் இடுவதானால் எழுதி முடித்து இரண்டு நாட்கள் ஆன பிறகு, பகலில். பின்னூட்டங்களை அக்கா முதலில் படிக்கட்டும். யாரோ போட்ட ஒரு சிரிப்புக் குறியை வைத்து மனம் ஓர் இரவு முழுக்கக் கதை கட்டுவது இந்த நோயில் நடக்கும்.

'சிதைவு' என்ற சொல்லையும் ஐந்து கவிதைகளில் ஆறு முறை பயன்படுத்தியிருக்கிறீர்கள். அது 1908இல் ஸ்விட்சர்லாந்தின் மனநல மருத்துவர் ஆய்கன் ப்ளாய்லர் 'பிளவு', 'மனம்' என்ற இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து வைத்த 'ஸ்கிசோஃப்ரினியா' என்ற பெயரின் வழியே நமக்கு வந்தது, உங்கள் அனுபவத்திலிருந்து வந்ததல்ல. தென் கொரியாவில் 2011இல் இந்த நோயின் பெயரையே மாற்றி, இசைக்கருவியின் தந்தியைச் சுருதி கூட்டுவதைக் குறிக்கும் சொல்லை வைத்தார்கள். ஆறு இடங்களிலும் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, அந்த இடத்தில் அன்று அறையில் என்ன இருந்தது என்று எழுதுங்கள்.

மூன்றாவது கவிதையில் 'அம்மா குழம்பில் எதையோ கலந்தாள்' என்று வருகிறது. அன்று நீங்கள் நம்பியது அது. கவிதையில் அது இருக்கலாம், வலுவாகவும் இருக்கிறது. ஆனால் வெளியிடும் முன் அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் 'அம்மா'வை எடுத்துவிட்டு 'குழம்பில் எதையோ கலந்திருந்தது' என்று வையுங்கள். கலந்தவர் யார் என்று சொல்லாத அந்த வாக்கியம்தான் இன்னும் அச்சம் தருகிறது.