நிகழ்த்துகலை என்றாலே தெரியாத நண்பர்களுக்கு அதை எப்படி அறிமுகப்படுத்துவது?

கலைஞர் தன் உடலையும் செயலையுமே படைப்பாக்கும் நிகழ்த்துகலையை (performance art) பார்க்க, கொழும்பில் இருக்கும் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போனால் "ஒன்றும் விளங்கவில்லை" என்று பாதியில் எழும்பிவிடுவார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். வரலாறு, கோட்பாடு எல்லாவற்றையும் பிறகு பார்க்கலாம். ஒரே மூச்சில் சொல்லிமுடிக்கக்கூடிய ஒரு படைப்பை முதலில் சொல்லுங்கள்.

நான் எப்போதும் தொடங்குவது ஜப்பானியக் கலைஞர் யோகோ ஓனோ 1964 இல் கியோட்டோவில் செய்த 'கட் பீஸ்' உடன். அவர் மேடையில் அசையாமல் இருப்பார், முன்னால் கத்தரிக்கோல். விரும்பியவர் ஏறிப்போய் அவருடைய உடுப்பில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொள்ளலாம். சொல்லிவிட்டு, "நீ போயிருப்பியா? எங்கே வெட்டியிருப்பாய்?" என்று கேளுங்கள். வெள்ளவத்தையில் தங்கச்சியின் சிநேகிதிகளிடம் கேட்டபோது ஒருத்தி சட்டைக் கையின் நுனியில் கொஞ்சம் வெட்டுவேன் என்றாள். மற்றவள், "முதல் ஆள் வெட்டட்டும், பிறகு போவேன்" என்றாள். அதற்குப் பிறகு அரைமணித்தியாலம் அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம். நான் விளக்க ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

நண்பர் அலுவலக வேலை செய்பவர் என்றால் தாய்வானில் பிறந்த கலைஞர் தெஹ்சிங் ஷியேயைப் பற்றிச் சொல்லுங்கள். 1980 ஏப்ரலில் தொடங்கி ஒரு வருடம், இரவு பகலாக மணிக்கொரு தடவை வரவுப்பதிவு இயந்திரத்தில் அட்டை அடித்தார். 8,760 தடவையில் 133 தவறிப்போயின, அதையும் கணக்கில் எழுதிவைத்தார். தொடக்கத்தில் மொட்டை. ஒவ்வொரு தடவையும் எடுத்த படங்களை வரிசையாகப் பார்த்தால் முடி தோள்வரை வளர்கிறது.

பிறகு நம்மூருக்கு வாருங்கள். இலங்கையின் 'தீர்த்த' கலைஞர் குழுவைச் சேர்ந்த பந்து மனம்பேரி 2004 இல் 'பண்டேஜ் சுற்றிய பீப்பாய் மனிதன்' செய்தார். போர்க்காலத்தில் சோதனைச்சாவடிப் பீப்பாய்களுக்குப் பக்கத்தில் அடையாள அட்டையோடு வரிசையில் நின்ற கொழும்புத் தமிழருக்கு அந்தத் தலைப்பே போதும்.

காவடியையும் செடிலையும் காட்டி "இதுவும் நிகழ்த்துகலைதான்" என்று சிலர் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. நேர்த்திக்கடன் தெய்வத்துக்கு, பார்ப்பவர் இல்லாவிட்டாலும் அது நிறைவேறும். கத்தரிக்கோலைத் தொட ஒருவரும் வராவிட்டால் ஓனோவின் படைப்பு வேறொன்றாகிவிடும்.

கொழும்பின் கலை விழாவான கொலம்போஸ்கோப் நடக்கும் காலத்தில் நேரில் கூட்டிப்போகலாம். இரத்தம், நிர்வாணம் இருக்குமா, படம் எடுக்கலாமா என்று ஏற்பாட்டாளர்களிடம் முதலே கேளுங்கள். முடிந்ததும் "என்ன அர்த்தம்?" என்று கேட்கவேண்டாம், "எப்போது எழும்பிப் போகத் தோன்றியது?" என்று கேளுங்கள். உண்மையிலேயே போகத் தோன்றினால் போகலாம் என்றும் சொல்லிவையுங்கள். முதல் தடவை வாசலுக்குக் கிட்ட நிற்பது நல்லது.