நோயோடு வளரும் சின்னக் குழந்தைகள்: கேள்வி பதில்

பொள்ளாச்சியிலிருந்து ஓர் அம்மா: நெப்ரோடிக் நோய்க்கு (சிறுநீர்ல புரதம் கசியற சிறுநீரக நோய்) ஸ்டீராய்டு குடிக்கிற 6 வயசுப் பாப்பாவுக்கு முகம் உப்பிப்போச்சுங்க. பள்ளிக்கூடத்துல "பூசணி"ங்கறாங்களாம். போகமாட்டேன்னு அழறா.

பதில்: "கண்டுக்காத கண்ணு"ன்னு மட்டும் சொல்லியனுப்பினா, அங்க நிற்கும்போது அவ வாயில வார்த்தை இருக்காதுங்க. பதிலைத் தயாரா குடுத்தனுப்புங்க: "மாத்திரையால உப்பியிருக்கு. வா, நொண்டி ஆடலாம்." காரணத்தோட நிறுத்தினா கேள்வி மேல கேள்வி வரும், விளையாட்டுக்குக் கூப்பிட்டா பேச்சு திரும்பிரும். வீட்டுல நீங்க கிண்டல் பண்ற பிள்ளையா நடிங்க, அப்புறம் ஆளை மாத்திக்குங்க. தினம் 5 நிமிஷம் போதும். அப்படியும் விடலைன்னா டீச்சர்கிட்டச் சொல்றது கோள் இல்லைன்னு முன்கூட்டியே சொல்லி வைங்க.

மருந்தளவு குறையக் குறைய உப்பல் வடியும். அதுக்காக நீங்களா மாத்திரையை நிறுத்தீராதீங்க. உடம்பு தானா சுரக்கற ஸ்டீராய்டு பத்தாம உயிருக்கே ஆபத்தாகலாம். இமையும் காலும் வீங்கினா அது வேற. காலை முதல் சிறுநீரை, புரதம் காட்டற பரிசோதனைப் பட்டையில தொட்டுப் பாருங்க. தொடர்ந்து 3 நாள் புரதம் 3+ காட்டினா நோய் திரும்பியிருக்கு, டாக்டர்கிட்டப் போயிருங்க.

கோபியிலிருந்து ஓர் அப்பா: பையனுக்கு 5 வயசு, டைப் 1 சர்க்கரை. நோம்பிக்குப் போனா அவன் அமுச்சி (அம்மாவோட அம்மா) எல்லாருக்கும் முன்னாடி "என்ற சாமிக்கு இந்த நோவு வரோணுமா"ன்னு அழறாங்க.

பதில்: பாசம்தானுங்க. ஆனா இந்த வயசுல பிள்ளை தன்னைப் பெரியவங்க முகத்துலதான் பார்க்குது. முந்தின நாளே போன் பண்ணி அமுச்சிக்கு ஒரு வேலை குடுங்க: இனிப்புக் கச்சாயத்தை அவங்களே எண்ணி வைக்கட்டும், டாக்டர் சொன்ன கணக்குல இன்சுலின் நீங்க போடுங்க. அடியோட தடுத்தா ஒளிச்சுத் தின்னப் பழகிருவான்.

மீட்டர்ல 280 வந்தா "கூட இருக்கு", 70-க்குக் கீழ போனா "கம்மியா இருக்கு, குளுக்கோஸ் குடிக்கலாம்". அவ்வளவுதான். எண்ணைப் பார்த்து "என்ன தின்ன?"ன்னு அதட்டினா நாளைக்கு விரலை நீட்டமாட்டான். எந்த விரல்னு அவன் சொல்லட்டும். குத்தலாமான்னு மட்டும் கேட்காதீங்க, அது அவன் முடிவு இல்ல.

திருப்பூர்: "சேட்டை பண்ணினதாலதான் எனக்கு இளைப்பா?"ன்னு 4 வயசு மகன் கேக்கறானுங்க.

பதில்: இந்த வயசுப் பிள்ளைகள் பலரும் அப்படி நினைக்கறாங்க. "நீ பண்ணின எதாலயும் வரல, மூச்சுக்குழாய் சுருங்குது"ன்னு எத்தனை தடவை கேட்டாலும் அதையே சொல்லுங்க. "அடங்கலைன்னா ஊசி போடச் சொல்லுவேன்"ங்கற மிரட்டலை இன்னைக்கே விட்டிருங்க. நோவைத் தண்டனையாக்கறதே அதுதான். பொம்மைக்கு ஸ்பேசர் (இன்ஹேலர்ல மாட்டற குழாய்) வச்சு விளையாடட்டும்.

ஈரோடு, ஆசிரியை: ஆஸ்துமா உள்ள பையனை ஓடவிடாம ஸ்கோர் எழுதச் சொல்லட்டுங்களா?

பதில்: வேண்டாமுங்க, ஓடட்டும். டாக்டர் எழுதியிருந்தா 10, 15 நிமிஷம் முன்னாடி இன்ஹேலர் குடுங்க. இளைச்சா நிறுத்தி உக்கார வைங்க. இன்ஹேலரை ஆபீஸ் பீரோவுல பூட்டாம, மைதானத்துக்கே கொண்டு போங்க.