கைவினைக் கத்தி: 320 வெள்ளி கொடுக்கும் முன் என்ன கேட்பது?

கேள்வி: மகனுடன் ஜோகூர்க் காடுகளில் முகாம் போடத் தொடங்கியிருக்கிறேன். சிங்கப்பூரிலேயே கத்தி செய்து இணையத்தில் விற்கும் ஒருவரிடம் ஒன்று பார்த்தேன். மடங்காத வகை. அலகு 12 சென்டிமீட்டர், கனம் 5 மில்லிமீட்டர், மரப்பிடி, தோல் உறை. விலை 320 சிங்கப்பூர் வெள்ளி. டமாஸ்கஸ் வரி ஓடும் அலகு வேண்டுமென்றால் இன்னும் 120 வெள்ளி. படத்தில் அருமையாக இருக்கிறது. ஆனால் இதையெல்லாம் எப்படி மதிப்பிடுவது என்று தெரியவில்லை. வாங்கலாமா?
– வாசகர், ஈசூன்

பதில்: படத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். கத்தியின் மதிப்பில் பெரும்பங்கு எந்தப் படத்திலும் தெரியாது. அது எஃகுக்குக் கொடுத்த பதம். எவ்வளவு சூடேற்றினார்கள், எதில் தோய்த்தார்கள், பிறகு எவ்வளவு சூட்டில் வைத்துத் தணித்தார்கள் என்பதுதான் பதம். அது தவறினால் எவ்வளவு நல்ல எஃகாக இருந்தாலும் கூர் மடங்கும், இல்லாவிட்டால் பொடிப்பொடியாகத் தெறிக்கும். ஆகவே செய்தவரிடம் முதலில் கேளுங்கள்: எஃகின் பெயர் என்ன? பதம் வைத்தது யார், எதில்? கடினத்தை அளந்தீர்களா?

“நல்ல கார்பன் ஸ்டீல்”, “ஜெர்மன் ஸ்டீல்” என்பதெல்லாம் பதில் ஆகாது. 1084, 5160, 80சிஆர்வி2, ஓ1, 14சி28என், ஏஇபி-எல் என்று பெயரோடு சொல்ல வேண்டும். லாரியின் அடியில் இருக்கும் வில்பட்டையில் அடித்தது என்றால், அது மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல பாராங்குகள் (காடு வெட்டும் நீண்ட கத்திகள்) அப்படித்தான் பிறக்கின்றன. ஆனால் பழைய பட்டை என்ன எஃகு என்று செய்தவருக்கே உறுதியாகத் தெரியாது, அதற்கு 320 வெள்ளி அதிகம்.

பெயரைச் சொன்னதும் அடுத்ததைப் பொருத்திப் பாருங்கள். 1084, 5160 போன்ற எளிய எஃகுகளை ஓர் அனுபவசாலி சிறிய எரிவாயு உலையிலேயே நன்றாகப் பதம் வைத்துவிடலாம். துருப்பிடிக்காத வகைகள் அப்படியல்ல. 14சி28என், ஏஇபி-எல் இரண்டுக்கும் 1,050 டிகிரி செல்சியஸுக்கு மேல், அளவு மாறாமல், சில நிமிடங்கள் சூடு நிற்க வேண்டும். அதற்கு வெப்பக் கட்டுப்பாடுள்ள மின்சூளை தேவை, அல்லது வெளியே தொழிற்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். “ஸ்டெயின்லெஸ்தான், என் அடுப்பிலேயே கண்பார்த்துப் பதம் வைத்தேன்” என்று ஒருவர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். கடினம் ராக்வெல் சி அளவில் 57க்கும் 61க்கும் இடையில் இருந்தால் முகாம் கத்திக்குச் சரி. அளக்கும் கருவி எல்லாச் சிறிய பட்டறையிலும் இருக்காது. அதைக் குற்றமாக எடுக்க வேண்டாம், வேறு எப்படிச் சோதித்தார் என்று கேளுங்கள். நேர்மையாக வேலை செய்பவர் இந்தக் கேள்விக்கு மகிழ்ச்சியோடு அரை மணி நேரம் பேசுவார்.

அடுத்து, கத்தியைக் கையில் வாங்கிப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். செய்தவர் இந்த ஊரிலேயே இருக்கிறார். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்களுக்கு இல்லாத வசதி இது.

கையில் வந்ததும் நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்து முதுகுவழியாகவும் கூர்வழியாகவும் பாருங்கள். வளைவு இருந்தால் உடனே தெரியும். தீட்டிய சரிவு பிடிக்கு அருகில் தொடங்கும் இடம் இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் இருக்கிறதா? பிடி எஃகைச் சந்திக்கும் இடத்தை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை இடைவெளிகூட நம் ஊரில் ஆகாது. காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். வியர்வையும் மழையும் அந்த இடுக்கில் இறங்கினால் பிடிக்கு அடியில் துரு ஏறும், வெளியே தெரியவே தெரியாது. எஃகு பிடியின் கடைசிவரை போகிறதா என்றும் கேளுங்கள். விறகைக் கத்தியால் தட்டிப் பிளக்கும் எண்ணம் இருந்தால் முழுநீளம் போவதே நல்லது.

அப்புறம் உலர்ந்த மூங்கில் துண்டு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். காகிதத்தை அறுத்துக் காட்டுவது எதையும் நிரூபிக்காது, நன்றாகத் தீட்டினால் மட்டமான இரும்பும் காகிதத்தை அறுக்கும். மூங்கிலைக் கொஞ்ச நேரம் செதுக்கி, ஒரு கணுவை வெட்டச் சொல்லுங்கள். பிறகு அலகின் கூர்ப்பக்கத்தை விளக்குக்கு நேராகத் திருப்புங்கள். கூர் நன்றாக இருந்தால் வெளிச்சத்தைத் திருப்பித் தராது. எங்காவது வெள்ளிப்புள்ளி போல் மின்னினால் அங்கே மடங்கியிருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது. பஞ்சுக்குச்சியால் மெல்லத் தடவினால் உடைந்த இடத்தில் நார் சிக்கும். மடங்கியிருந்தால் எஃகு மென்மையாக இருக்கலாம். உடைந்திருந்தால் தணித்தது போதாமல் இருக்கலாம், அல்லது அந்த வேலைக்குக் கூர்ப்பக்கத்தை அளவுக்குமீறி மெல்லியதாகத் தீட்டியிருக்கலாம். இந்தச் சோதனைக்கு அவர் மறுத்தால், அதுவே உங்களுக்குப் பதில்.

நீங்களும் செதுக்கிப் பாருங்கள். பிடி கையை எங்கே அழுத்துகிறது என்பது ஐந்தாறு நிமிடத்தில் தெரிந்துவிடும். விரல்களுக்குக் குழி வெட்டிய பிடியை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரே பிடிப்புக்குத்தான் அது ஒத்துவரும், செதுக்கும்போது கை பல விதமாக மாறும். உங்கள் மகனும் பிடிப்பார் என்பதால் அவரையும் கூட்டிச் செல்லுங்கள்.

கனத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: 5 மில்லிமீட்டர் உங்களுக்குத் தேவையில்லை. வெப்பமண்டலக் காட்டில் வெட்டும் வேலை பாராங்குடையது. சிறிய கத்தியின் வேலை கயிறு அறுப்பது, ஆப்பு செதுக்குவது, தீமூட்டச் சீவல் எடுப்பது, வெங்காயம் நறுக்குவது. இதற்கெல்லாம் 3 முதல் 4 மில்லிமீட்டர் தாராளம். சுவீடனில் செய்யும் மோரா கம்பானியன் கத்தியின் கனம் 2.5 மில்லிமீட்டர்தான். அதை உலகமெங்கும் முகாம் பயிற்சிகளில் பயன்படுத்துகிறார்கள், விலையும் நீங்கள் சொல்வதில் ஒரு சிறு பகுதி. இதுவரை கத்தியே வைத்திருந்ததில்லை என்றால் முதலில் அதில் ஒன்று வாங்கிச் சில பயணங்கள் போய்வாருங்கள். கைவினைக் கத்தியில் உங்களுக்கு என்ன வேண்டும் என்பது அப்போது தானாகத் தெளிவாகும்.

டமாஸ்கஸுக்கு 120 வெள்ளி? வேண்டாம். இரண்டு வகை எஃகை அடுக்கி உலையில் ஒட்டவைத்து, கடைசியில் அமிலத்தில் முக்கி வரிகளை வெளிக்கொண்டுவருவதுதான் இப்போதைய டமாஸ்கஸ். உழைப்புக்கும் அழகுக்கும் அந்தப் பணம் தகும், ஆனால் வெட்டும் திறன் அதனால் அதிகரிக்காது. பெரும்பாலும் கார்பன் எஃகு என்பதால் துருவும் ஏறும். அந்தப் பணத்தைத் துருப்பிடிக்காத எஃகுக்கும் கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்கும் கொடுங்கள். தோல் உறை வீவக அடுக்குமாடி வீட்டு அலமாரியில் பூஞ்சை பிடிக்கும், கத்தியை அதற்குள்ளேயே வைத்திருந்தால் அலகு கறுக்கும். தோல்தான் பிடிக்கும் என்றால் கத்தியைத் துடைத்து, உணவுக்கு ஏற்ற எண்ணெய் தடவி, உறைக்கு வெளியே வையுங்கள். எந்த உறையானாலும் தலைகீழாக உலுக்கிப் பாருங்கள், கத்தி விழக்கூடாது.

ஆக, இந்தக் கத்தியை இப்படியே வாங்க வேண்டாம். இதே ஆளிடம் 3.5 மில்லிமீட்டர் கனத்தில், 14சி28என் எஃகில், மைகார்ட்டா (பிசினில் தோய்த்து இறுக்கிய துணி) பிடியோடு செய்து தர முடியுமா, பதம் எங்கே வைப்பார் என்று கேளுங்கள். பதில் தெளிவாக இருந்தால் 320 வெள்ளி நியாயமான விலைதான்.

கேள்வி: இப்படிப்பட்ட கத்தியைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்தில், எம்ஆர்டியில் போகலாமா? புலாவ் உபினில் பயன்படுத்தலாமா?
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: சட்டப்படியான காரணம் இல்லாமல் பொது இடத்தில் தாக்கும் ஆயுதம் வைத்திருந்தால் 3 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் கிடைக்கலாம் என்கிறது சிங்கப்பூரின் 1958ஆம் ஆண்டுச் சட்டம். முகாமுக்குப் போகும் நாளில், உறையில் போட்டு, பையின் அடியில் மற்ற முகாம் பொருள்களோடு கட்டி வைத்தால் காரணத்தைக் காட்ட முடியும். இடுப்பில் மாட்டிக்கொண்டு போகாதீர்கள், பயணம் முடிந்ததும் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். மலேசியாவிலும் இதே போன்ற சட்டம் உண்டு. இருபுறமும் கூருள்ள குத்துவாள், பொத்தானை அழுத்தினால் திறக்கும் கத்தி போன்றவற்றை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் முன் காவல்துறையின் உரிமப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உபினில் ஜெலுத்தோங், மாமாம் முகாம்களில் சமைக்கவும் கயிறு அறுக்கவும் கத்தி போதும். செடி, மரம் எதையும் வெட்டக்கூடாது. செதுக்கிப் பழக வேண்டுமென்றால் வீட்டிலிருந்தே மரத்துண்டு கொண்டுபோங்கள்.

கேள்வி: கைவினைக் கத்தி வாங்கி இரண்டு மாதம். மூங்கில் வெட்டியதில் கூர் பல இடங்களில் உடைந்துவிட்டது. “நீங்கள் தவறாகப் பயன்படுத்தினீர்கள்” என்கிறார் விற்றவர். என்ன செய்யலாம்?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: ஒரே இடத்தில் பெரிய உடைப்பு என்றால் கல்லிலோ ஆணியிலோ பட்டிருக்கலாம். நீளவாட்டில் பல இடங்களில் உடைந்தது பதத்தின் மேல்தான் சந்தேகத்தைக் கொண்டுபோகிறது. இன்னொரு வாய்ப்பும் உண்டு. கடைசியாக இயந்திரத்தில் சுழலும் தேய்ப்புப் பட்டையில் தீட்டும்போது மெல்லிய கூர் மட்டும் சூடேறிக் கெட்டிருக்கலாம். அப்படியானால் கல்லில் கொஞ்சம் ஆழமாகத் தீட்டியதும் நல்ல எஃகு வெளிவரும். அதனால் முதலில் படங்கள் எடுத்துவிட்டு, அவரையே தீட்டித் தரச் சொல்லுங்கள்.

மறுபடி உடைந்தால் எழுத்தில் கேளுங்கள். அவர் தொழிலாக விற்பவர் என்றால் 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த, குறையுள்ள பொருள்களுக்கான ‘லெமன்’ சட்டம் உங்களுக்குத் துணை. வாங்கிய 6 மாதத்துக்குள் தெரியும் குறை, கொடுக்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று காட்டுவது அவர் பொறுப்பு. முதலில் பழுதுபார்த்தல் அல்லது மாற்றிக் கொடுத்தல், அது நடக்காவிட்டால் விலைக்குறைப்பு அல்லது பணம் திரும்ப. தன் சொந்தக் கத்தியை விற்ற தனிநபருக்கு இது பொருந்தாது. பேச்சு நகராவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கமான கேஸை அணுகுங்கள், அதன் பிறகு சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை 2 ஆண்டுக்குள் அங்கே கொண்டுபோகலாம், வழக்கறிஞர் வைக்க முடியாது. விற்பனைப் பக்கத்தில் இருக்கும் வருணனையை அவர் அழிக்கும் முன் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். “மூங்கில் வெட்டலாம்” என்று அதில் ஒரு வரி இருந்தால் உங்கள் வாதம் வலுப்படும்.